முதல் இரண்டு நாட்கள்



பிள்ளை பிறந்ததும் காதில் பாங்கு சொல்கிறோம். பேரீச்சம்பழத்தை மென்று நாவில் தடவுகிறோம். ஏழாம் நாள் அகீகாவுக்கு ஆடு தேடுகிறோம். ஆனால் முதல் நாளிலேயே கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம்: பிள்ளை மலம் கழித்ததா?

நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தை பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் கருமையான முதல் மலத்தைக் கழித்துவிடும். 48 மணி நேரம் கடந்தும் கழிக்கவில்லை, வயிறு உப்புகிறது, பச்சையாக வாந்தி எடுக்கிறது என்றால் அதைச் சாதாரண மலச்சிக்கலாக எண்ணக் கூடாது. குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமலே பிறக்கும் ஹிர்ஷ்பிரங் நோயாக அது இருக்கலாம். ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒருவருக்கு இந்நோய் உண்டு.

நம் வீடுகளிலோ வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து வைக்கிறோம். சோப்புத் துண்டைச் செருகுகிறோம். சிறிது மலம் வந்ததும் வீடே நிம்மதி அடைகிறது. அந்த நிம்மதிதான் நோயை மறைக்கிறது. தேங்கிய குடலில் அழற்சி ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து.

முட்டுக்காட்டில் உள்ள பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திற்குத் தம் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோருக்கும் ஒரு சொல்: டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. அவர்களின் தீராத மலச்சிக்கலை 'இவன் அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள்.

மலச்சிக்கல் உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அறுவை தேவையில்லை. மலக்குடலிலிருந்து எடுக்கும் சிறு திசுவின் பரிசோதனை இந்நோயை உறுதி செய்யும். உறுதியானால், நரம்பணுக்கள் இல்லாத பகுதியை அகற்றி, நல்ல குடலைக் கீழிறக்கி ஆசனவாயுடன் இணைப்பார்கள். 1948 முதல் செய்யப்பட்டுவரும் சிகிச்சை இது. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் இதற்கான குழந்தை அறுவை மருத்துவர்கள் உள்ளனர்.

சிலருக்குச் சில மாதங்கள் வயிற்றில் பை பொருத்த நேரும். அதைக் கண்டு முகம் சுளிக்கும் உறவினர்கள் அந்தத் தாயின் மனத்தை எண்ணிப் பார்க்கட்டும். அறுவைக்குப் பின்னும் காய்ச்சல், வயிற்று வீக்கம், துர்நாற்றத்துடன் வயிற்றுப்போக்கு கண்டால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். ஓதி ஊதுவதும் துஆ கேட்பதும் நம் ஈமானின் அடையாளம். அவற்றைக் காரணம் காட்டி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுவது தவக்குல் ஆகாது. பிள்ளை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் முதல் இரண்டு நாட்களைக் கண்காணிப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதே.