குழந்தை வளர்ப்பு: குளிரா, உஷ்ணமா?

"குழந்தையின் காலெல்லாம் ஜில்லென்று இருக்கிறதே!" என்று பாட்டி சொன்ன மாத்திரத்தில், வீட்டிலுள்ள கம்பளிகளெல்லாம் தொட்டிலுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. சித்திரை மாதமானாலும் குல்லாய்க்கும் காலுறைக்கும் ஓய்வு கிடையாது. பாட்டியின் கவலை நியாயமானதே. அவர் தொட்டுப் பார்த்த இடந்தான் சரியன்று.

சிசுவின் தேகம் உள்ளுறுப்புக்களின் சூட்டையே முதலில் காத்துக்கொள்கிறது. ஆகையால் கைகால்கள் குளிர்ந்திருப்பது சகஜம். உண்மையை அறியப் பிடரியிலோ, மார்பிலோ, வயிற்றிலோ தொட்டுப் பார்க்க வேண்டும். கிணற்றடியிலிருந்து வந்த ஈரக்கை பொய் சொல்லும். துடைத்துச் சூடாக்கிக்கொண்டு தொடுங்கள்.

பிடரி கதகதப்பாயும் உலர்ந்தும் இருந்தால் கவலையில்லை. வேர்த்து, தலைமயிர் நனைந்து, முகம் சிவந்து, மூச்சு வேகமாய் வந்தால் உஷ்ணம் மிஞ்சிவிட்டதென்று அறிக; ஒரு துணியைக் களைந்துவிடலாம். அடிக்கடி தாய்ப்பால் கொடுத்தால் போதும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கோடையிலும் தண்ணீர் வேண்டியதில்லை. தூக்கத்தில் மிதமிஞ்சிய சூடு விளையாட்டல்ல. காரணம் புலப்படாமல் சிசுக்கள் உறக்கத்திலேயே இறந்துபோகும் அபாயத்தை அது அதிகப்படுத்துகிறது. வீட்டிற்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லாய் எதற்கு? குளிர் தேசத்துப் படங்களைப் பார்த்து வாங்கும் செயற்கை நூல் சட்டைகளைவிட, துவைத்து மிருதுவான பழைய வேஷ்டித் துணி நம் சீமைக்கு எவ்வளவோ மேல்.

வயிறும் மார்பும் குளிர்ந்திருந்தால் விஷயம் வேறு. நம்மைப்போல் நடுங்கிக் காட்டப் பச்சைக் குழந்தைக்குத் தெரியாது. தோள்பட்டைகளின் நடுவே உள்ள ஒருவகைக் கொழுப்பை எரித்தே அது சூடுண்டாக்கிக் கொள்கிறது. குறைமாதச் சிசுவுக்கு அதுவும் சொற்பம். தாமதியாமல் தாய் தன் வெறும் மார்போடு அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்ப் பெட்டிகள் போதாமையால், 1978-ம் வருஷத்தில் எட்கார் ரே என்ற வைத்தியர் இம்முறையைக் கையாளத் தொடங்கினார். ஏழை நாட்டில் பிறந்த இவ்வைத்தியத்தைச் செல்வ நாடுகளும் பின்னர் ஏற்றுக்கொண்டன.

சந்தேகம் தீராவிடில் அக்குளில் தர்மாமீட்டரை வையுங்கள். 97.7 முதல் 99.5 டிகிரி பாரன்ஹீட் வரை சரியான அளவு. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 100.4-ஐ எட்டினால் அன்றே, அது நள்ளிரவானாலும், வைத்தியரிடம் செல்ல வேண்டும். அணைத்தும் சூடு ஏறாமல், பாலுண்ண மறுத்துச் சோர்ந்து கிடந்தாலும் அப்படியே. கஷாயம் கொதிக்கும்வரை காத்திருக்கலாகாது.