தெளிந்தவர் எழுதிய முன்னுரை

1918 மே மாதம் 'புதிய இளைஞர்' என்ற சீனப் பத்திரிகையில் லூ சுன் வெளியிட்ட 'ஒரு பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' கதையைப் பற்றிப் பேசுகிற எவரும், சரித்திர நூலின் வரிகளுக்கிடையே மனிதன் மனிதனைத் தின்னும் செய்தியை அதன் நாயகன் கண்டான் என்பதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால், பேச்சு நடையில் அமைந்த அந்நாட்குறிப்புக்கு முன்னால், பண்டித நடையிலே, நண்பரொருவர் எழுதியதாக நிற்கும் சிறு முன்னுரையைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நோயாளி குணமடைந்து, உத்தியோகம் ஏற்க வெளியூர் சென்றுவிட்டான் என்று அது தெரிவிக்கிறது. கொடுமையைக் கண்ட ஒரே கண்ணும் மூடிக்கொண்டதற்கு ஊரார் இட்ட பெயர் சொஸ்தம்.

சீன எழுத்தாளர் யூ ஹுவா 1987-இல் வெளியிட்ட '1986' என்னும் கதையில், கலாசாரப் புரட்சியின்போது பிடித்துச் செல்லப்பட்ட சரித்திர ஆசிரியரொருவர், பல ஆண்டுகள் கழித்துச் சித்தம் கலங்கித் தம் ஊருக்குத் திரும்பி, தாம் முன்பு ஆராய்ந்த பண்டைய தண்டனைகளைத் தம் தேகத்தின்மீதே ஒவ்வொன்றாக நிறைவேற்றிக்கொள்கிறார். மறுமணம் செய்துகொண்டுவிட்ட மனைவி அஞ்சி ஒடுங்க, ஊரார் வேடிக்கை பார்க்கிறார்கள். இங்கே நோயாளி தெளியவில்லை. ஊர்தான் தெளிந்துவிட்டது, அதாவது மறந்துவிட்டது.

அக்கதை வெளிவருவதற்கும் ஈராண்டு முன்பு சீன எழுத்தாளர் சான் ஷுவே எழுதிய 'மலைமேல் ஒரு குடிசை'யிலோ, தெளிந்தவர் என்று எவருமே இல்லை. ஒருநாளும் ஒழுங்குபடாத மேசை இழுப்பறையை ஓயாமல் அடுக்கிக்கொண்டிருக்கும் கதைசொல்லி, மலையில் இருப்பதாகத் தாம் நம்பும் குடிசை, இரவில் ஓநாய்களோடு ஓநாயாகும் தந்தை என்று விரியும் அவ்வுலகில், காலூன்றி நின்று இது பிரமை, இது நிஜம் என்று பிரித்துக் காட்ட ஒருவரும் வரவில்லை. சான் ஷுவேயின் தந்தை 1957-இல் வலதுசாரி என முத்திரை குத்தப்பட்டவர் என்ற செய்தியைக் கொண்டு கதையை விடுகதைபோல் அவிழ்க்க முயல்வோர் உண்டு. ஆசிரியை எழுத மறுத்த முன்னுரையை அவர்கள் எழுதித் தருகிறார்கள்.

தலையங்கம் என்பதும் ஒருவகை முன்னுரையே என்ற கூச்சம் எமக்கு இல்லாமலில்லை. லூ சுன்னின் நண்பர் அந்நாட்குறிப்பை வைத்தியர்களின் ஆராய்ச்சிக்கு உதவுமென்றே பிரதி செய்தார். வாசகர்களாகிய நாமேனும் நாடி பிடித்துப் பார்க்காமல் இக்கதைகளுக்குள் நுழைவோமாக.