எட்டு ஜோடியும் முன்னூற்றிப் பத்து ரூபாயும்

கையில் இரண்டு எட்டு. போக்கர் ஆடினவர்களுக்குத் தெரியும், இருப்பதிலேயே ஆளைப் படுத்துவது இந்த மாதிரிக் கைதான். ஏஸ் ஜோடி வந்தால் யோசிக்கவே வேண்டாம். இரண்டும் ஏழும் வந்தால் அதைவிட நிம்மதி, தூக்கிப் போட்டுவிட்டு காபி குடிக்கப் போகலாம். ஆறிலிருந்து பத்து வரைக்குமான ஜோடிகள் இருக்கே, நம்ம மாதச் சம்பளக்காரன் மாதிரி. ஏழையும் இல்லை, பணக்காரனும் இல்லை, எல்லா பில்லும் நம்ம தலையில் :-)

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கையில் 2 சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக 5 சீட்டு. முதலில் மூன்று விழும், பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம்.

கையில் எட்டு ஜோடி இருக்கும்போது முதல் மூன்றில் எட்டைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழ நூற்றுக்கு 87 வாய்ப்பு. மூன்றாவது எட்டு விழ 12 கூட இல்லை. ஆக, எப்போதும் பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

2024-இல், புனேயில், ராத்திரி பதினோரு மணிக்கு, எனக்கு ஜாக்கி, 5, 2 விழுந்தது. பாட்டில் 60 ரூபாய். எதிராளி 30 கட்டினார். 30 போட்டால் 90 கிடைக்கும், நாலு தடவையில் ஒரு தடவை ஜெயித்தாலே நஷ்டமில்லை. ஏஸ், கிங் மாதிரிக் கைக்கு மூன்றில் இரண்டு தடவை முதல் மூன்று சீட்டில் ஜோடி சேராது. அதனால் கால் பண்ணினேன். அது சரிதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அடுத்து குயின். அவர் 80 கட்டினார். "முப்பது போட்டாச்சே" என்று கால். கடைசியில் 3. அவர் 200. "என்னதான் வைத்திருக்கிறான் பார்க்கலாம்" என்று மறுபடி கால். ஏஸும் ஜாக்கியும் காட்டினார்.

30 ரூபாய்க் கேள்வி என்று நினைத்தது 310-இல் முடிந்தது. மொத்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று தடவையும் கால் பண்ணுவதாக இருந்தால் நூற்றுக்கு 46 தடவை ஜெயிக்க வேண்டும். நாலில் ஒன்று எங்கே, இது எங்கே!

பகலெல்லாம் பேங்கில் இதைத்தான் அடுத்தவருக்குச் சொல்கிறேன். தேறாத கணக்கைக் காப்பாற்ற இன்னொரு லிமிட் கொடுக்காதே என்று ஜூனியருக்கு நோட் எழுதுகிறவன், ராத்திரி அதையே செய்திருக்கிறேன். என் கட்சி இதுதான்: சின்னப் பந்தய மேசையில் முதல் கேள்விக்குக் கால் பண்ணலாம். இரண்டாவது பெரிய பந்தயம் வந்தால் நடுத்தர ஜோடியை வைத்துவிட வேண்டும். இரண்டு தடவை தைரியமாகப் பொய் சொல்கிறவர்கள் அந்த மேசைகளில் குறைவு. அவர் நிஜமாகவே பெரிய ஜோடி வைத்திருந்தால், மிச்சம் 46 சீட்டில் நம்மைக் காப்பாற்றுவது இரண்டே எட்டு. "அப்போ எல்லாரும் உங்களை மிரட்டியே விரட்டிடுவாங்களே" என்பீர்கள். சில தடவை விரட்டுவார்கள்தான். அந்தச் செலவு எனக்குக் கட்டுப்படியாகிறது.

2025 ஆகஸ்டில் சட்டம் வந்ததும் காசு வைத்து ஆடும் தளங்கள் கடையைச் சாத்தின. எனக்கு வருத்தமில்லை. ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஐநூறு, ஆயிரம் என்று வரிசையாகப் போன ஸ்டேட்மெண்டுகளைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன். அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை, பாதிப்பேர் என்னைவிட வேகமாகப் போடுவார்கள். என்னை மாதிரியே "பார்த்துடலாம்" என்று போட்டவர்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வீட்டில், புளியங்கொட்டை வைத்து, பையனோடு. தங்கமணிக்கு இதுவும் பிடிக்கவில்லை. "பரீட்சை நேரத்துல அப்பனும் பிள்ளையும் சூதாட்டம்" என்கிறாள். போன வாரம் எனக்கு அதே எட்டு ஜோடி. பையன் முதலில் ஐந்து கொட்டை கட்டினான், கால் பண்ணினேன். அடுத்து கிங் விழுந்தது, இருபது கட்டினான். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

"என்னடா வச்சிருந்தே?"

"பார்க்கணும்னா கால் பண்ணியிருக்கணும்ப்பா."

சீட்டைக் கலைத்துவிட்டான். நாலு நாளாகக் கேட்கிறேன், சொல்ல மாட்டேன் என்கிறான்.