பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையே ஒரு கார்

மைசூரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை குண்டலுபேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வயநாட்டிற்கும் கோழிக்கோட்டிற்கும் செல்கிறது. மற்றொன்று பந்திப்பூர், முதுமலைக் காடுகளைக் கடந்து கூடலூருக்கும் உதகைக்கும் ஏறுகிறது. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்து பின்னர் சாமராஜநகர் மாவட்டத்தோடு சேர்ந்த இவ்வூரின் வழியாகக் கன்னடமும் தமிழும் மலையாளமும் அன்றாடம் கடந்து போகின்றன. பழைய வண்டியை எடைக்கு வாங்கி உடைக்கும் இடத்தைக் கன்னடர் குஜரி என்பர். மலையாளிகள் ஆக்ரிக்கடை என்பர். தமிழர் காயலான் கடை என்பர். பெயர் மூன்றானாலும் அங்கே போகும் வண்டியின் கதி ஒன்றே. எந்த வண்டி அங்கே போக வேண்டும் என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது? அதன் வயதைக் கொண்டா, நிலையைக் கொண்டா?

சட்டம் பெரும்பாலும் வயதையே பார்க்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயானது. 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு அது 2025இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதே சட்டத்தின்கீழ் 2021 ஜூலையில் வந்த மற்றொரு விதி, 50 ஆண்டைக் கடந்து, அடிச்சட்டமும் உடலும் எஞ்சினும் பெரிதும் மாற்றப்படாமல் இருக்கும் காரைப் பழம்பெரும் வாகனம் என மதித்துத் தனிப் பதிவெண் தருகிறது. ஆனால் அதனை அன்றாடப் பயணத்திற்கு ஓட்டலாகாது.

இவ்விரு விதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு விந்தை புலப்படும். பதினைந்தாம் வயதில் ஒரு கார் சுமையாகிறது. ஐம்பதாம் வயதில் அதுவே செல்வமாகிறது. இடைப்பட்ட 35 ஆண்டுகள் அதனைக் காப்பாற்றியவருக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. சேகரிப்பாளரின் கூடத்தில் நிற்கும் காருக்கு மரியாதை உண்டு. ஆசிரியராகவோ மளிகைக் கடைக்காரராகவோ இருந்த தந்தை வாங்கிய, இன்றும் வீட்டாரைச் சுமக்கும் காருக்கு அது இல்லை. அம்பாசிடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றது. அவ்வாண்டில் பதிவான கடைசி வண்டிகளும் 2029இல் பதினைந்தை எட்டிவிடும். இந்தியக் குடும்பங்களைக் காருக்குப் பழக்கிய இரு வகைகளிலும் ஐம்பதை எட்டாத வண்டிகள் எல்லாம் அந்த இடைவெளிக்குள் வந்துவிடும்.

எதிர்த்தரப்பின் வாதம் வலுவானது, அதனைத் தட்டிக்கழிக்கலாகாது. கார்புரேட்டர் பூட்டிய, வினையூக்கி மாற்றி இல்லாத பழைய எஞ்சின் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் புதியதைவிட மிகுதியான நஞ்சைக் கக்குகிறது. தில்லியின் காற்றைச் சுவாசிக்கும் குழந்தைக்கு ஒருவருடைய குடும்ப நினைவு ஆறுதலாகாது. ஆனால் அந்தக் குழந்தையின் நுரையீரலைச் சேர்வது வண்டியின் வயதன்று, அதன் புகை. ஆண்டுக்கு ஓராயிரம் கிலோமீட்டர் ஓடும் பழைய காரும் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் பழைய காரும் ஒரே கட்டணம் செலுத்துகின்றன. ஓட்டத்தையும் புகையையும் அளக்காத கட்டணம், தூய்மையின் பெயரால் வயதின்மேல் விதிக்கப்படும் வரியாகவே நிற்கும்.

அதேபோல், காரை வைத்திருப்போரின் பாசமும் தேர்வுக்கு உட்பட்டதே. பலர் பழைய காரை மீட்கப் புறப்பட்டதும் முதலில் வண்ணம் பூசுகின்றனர். துருவேறிய தகட்டின்மேல் பட்டி பார்த்துப் பளபளப்பாக்கினால் இரண்டு மழைக்காலங்கள் கழித்து உள்ளிருந்த துரு கொப்புளமாக எழும். முறையான வரிசை வேறு: முதலில் பிரேக்கு, ஸ்டியரிங், டயர், அடுத்து ரேடியேட்டரும் மின்கம்பிகளும், பிறகு எஞ்சின், கடைசியில்தான் வண்ணம்.

குண்டலுபேட்டை போன்ற ஊரில் இவ்வரிசை உயிர் சார்ந்தது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத எண்ணெயோடு உதகையிலிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கும் வண்டியில், தொடர்ந்து பிரேக்கை அழுத்தும்போது சூடேறி அந்த ஈரம் ஆவியாகும். மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. அதற்கப்பால் பந்திப்பூர்க் காடு. 2009 முதல் அங்கே இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணிவரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. அந்திநேரத்தில் யானைகள் கடக்கும் சாலையில் ரேடியேட்டர் கொதித்து நின்ற குடும்பத்திற்கு, காரின் மேனி மினுக்கு எதற்கும் உதவாது.

இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சினைக் குறித்தும் இதே தெளிவு வேண்டும். வண்டி இழுக்கவில்லை என்றவுடனே எஞ்சினை இறக்கச் சொல்பவர் நல்ல மெக்கானிக் அல்லர். அவர் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பார். குறைந்திருந்தால் அதில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் கசிவு இருக்கலாம். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதியாகிறது. சில நிமிடச் சோதனை பெருஞ்செலவைத் தவிர்க்கும்.

இந்த அறிவு எங்கே இருக்கிறது என்பது கல்விப்புலம் கேட்க வேண்டிய கேள்வி. பட்டறையில் வண்டி எண்ணெய் குடிக்கும், திணறும், மூச்சு வாங்கும், புகை தள்ளும். கேட்போர் இதனை உருவகம் என்று கடந்துவிடுவர். உண்மையில் இவை நோயறியும் கலைச்சொற்கள். திணறுவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டைச் செவியால் உணர்ந்தவரே கார்புரேட்டரைத் திருத்த முடியும். இச்சொற்களை அகராதியில் தேடினால் வண்டிக்குரிய பொருள் அரிதாகவே கிடைக்கும். கணினியில் பழுதைக் காட்டும் புதிய கார்களுக்கு அவை தேவைப்படா. கடைசிக் கார்புரேட்டர் காயலான் கடைக்குப் போகும் நாளில், எழுதப்படாத ஒரு சொற்றொகுதியும் அதனோடு உருக்கப்படும். வேளாண்மை, மீன்பிடி, நெசவு முதலிய தொழில்களின் வழக்குச் சொற்களைத் திரட்டிய மரபு தமிழுக்கு உண்டு. எண்ணெய்க் கறை படிந்த கைகளின் சொற்களுக்கும் அம்மரபில் இடம் வேண்டும்.

எனவே வேண்டுவன மூன்று. பதினைந்தாம் ஆண்டிற்குப் பின் கட்டணம் வயதின்படி ஏறாமல், பிரேக், புகை, துரு ஆகியவற்றின் மெய்யான சோதனையோடும் ஆண்டு ஓட்டத்தோடும் பொருந்தி அமைய வேண்டும். சோதனையில் தோற்ற வண்டியை, அது எவருடைய தந்தையின் வண்டியானாலும், உரிமையாளர் திருத்த வேண்டும் அல்லது உடைப்புக்குத் தர வேண்டும். மூன்றாவதாக, பொறியியல் துறையும் மொழித் துறையும் சேர்ந்து முதிய மெக்கானிக்குகளின் அறிவைப் பதிவு செய்ய வேண்டும்.

நினைவைக் காப்பது வேறு, வண்டியைக் காப்பது வேறு. முன்னதற்கு ஒரு புகைப்படம் போதும். பின்னதற்குத்தான் ஈராண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெய் மாற்ற வேண்டும். அதனைச் செய்யும் குடும்பத்திடம் சட்டம் கேட்க வேண்டியது பிறந்த ஆண்டை அன்று. வண்டி நிற்கிறதா என்பதை.