டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு நாள் தண்ணீர் கட்டுங்கள்

“அத்தை, பாத்து வாங்க. அங்க தண்ணி நிக்குது.”

அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய தனி வீடுகளில் காலை நேரத்தில் அடிக்கடி கேட்கும் குரல் இது. ஆவடியில் டேங்க் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960-களில் வந்தன. அங்கே வேலைக்குச் சேர்ந்த பலர், அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் கடனை உடனை வாங்கிப் பக்கத்திலேயே மனை வாங்கி வீடு கட்டினார்கள். அப்போது ஓடியாடிய தம்பதிக்கு இப்போது எழுபது வயது. குளியலறைக்கும் வயதாகிவிட்டது. சுவருக்குள் இருக்கும் ஜி.ஐ. பைப் துருப்பிடித்திருக்கும். போர் தண்ணீரின் உப்பு தரையில் வெள்ளையாகப் படிந்திருக்கும். வாட்டம் போய், மூலையில் எப்போதும் ஒரு குட்டை.

பாட்டி ஒருமுறை வழுக்கிய பிறகுதான் “பாத்ரூமை மாத்திடலாம்” என்ற பேச்சு பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. உடனே எல்லோரும் டைல்ஸ் கடைக்குக் கிளம்புகிறார்கள். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. குளியலறைச் செலவில் கண்ணுக்குத் தெரிவது டைல்ஸும் குழாயும். பிற்பாடு பணத்தைக் கரைப்பது அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பைப், வாட்டம், வாட்டர் ப்ரூஃபிங். டைல்ஸால் மூடிய பிறகு அதில் கோளாறு தெரிந்தால், எல்லாவற்றையும் உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அம்பத்தூரில் ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற மாமனார், முழங்கால் வலியுள்ள மாமியார், மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் பேத்தி. ஒரே குளியலறை, ஏழடிக்கு ஐந்தடி. கையில் இருப்பது 1,50,000 ரூபாய். கணக்கைப் பார்ப்பவர் மருமகள்.

முதலில் ஒரு பட்டியல்

மூன்று மேஸ்திரிகளைக் கூப்பிட்டு “எவ்வளவு ஆகும்?” என்று கேட்டால் மூன்று தொகை வரும். அவற்றை ஒப்பிடவே முடியாது. ஒருவர் பழைய தரையை உடைப்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். இன்னொருவர் டைல்ஸ் ஒட்டும் கூலியை மட்டும் சொல்லியிருப்பார். குறைந்த தொகை சொன்னவரை வைத்துக்கொண்டால் “அது வேற, இது வேற” என்று பாதி வேலையில் கணக்கு ஏறும்.

அதனால் பட்டியலை வீட்டுக்காரர்களே எழுதி, ஒரே பட்டியலை மூவரிடமும் கொடுக்க வேண்டும். பழைய டைல்ஸ், பூச்சு உடைப்பது. ரப்பிஷை மூட்டை கட்டி இறக்குவது, குட்டியானை வாடகை. புது பைப் லைன். வாட்டர் ப்ரூஃபிங். டைல்ஸ் ஒட்டுவது, மூலை வெட்டுவது, கிரவுட் போடுவது. கமோடு, குழாய்கள் மாட்டுவது. எலக்ட்ரீஷியன் வேலை. ஒவ்வொன்றுக்கும் எதிரே கூலி எவ்வளவு, பொருள் யாருடையது என்று எழுதி வாங்கினால், பிறகு பேச்சு மாறாது.

டைல்ஸ் கணக்கையும் வீட்டிலேயே போட்டுவிடலாம். தரை 7 பெருக்கல் 5, 35 சதுர அடி. சுவரின் சுற்றளவு 24 அடி. ஏழடி உயரத்துக்கு ஒட்டினால் 168 சதுர அடி. கதவுக்குச் சுமார் 18 கழித்தால் 150. மொத்தம் 185. வெட்டில் வீணாவதற்கு 10 சதவிகிதம் சேர்த்தால் 204 சதுர அடி. இந்தக் கணக்கு கையில் இருந்தால், “முந்நூறு சதுர அடி வாங்கிடுங்க சார்” என்று யாராவது சொல்லும்போது ஏன் என்று கேட்க முடியும்.

வாங்கும் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே ஷேடு நம்பர், ஒரே பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு பேட்ச் என்றால் சுவரில் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். மிச்சமாகும் நாலைந்து டைல்ஸ் பரணில் இருக்கட்டும். அதே டிசைன் அடுத்த வருடம் கடையில் கிடைக்காமல் போகலாம்.

புது வேலையை அல்ல, பழைய வேலையைப் பாருங்கள்

மேஸ்திரிகள் போனில் காட்டும் படங்களில் எல்லாக் குளியலறையும் பளபளக்கும். போன வாரம் முடித்த வேலை எப்படியும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அவர் செய்த வீட்டைப் பார்க்க வேண்டும். மருமகள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “அண்ணே, பழைய வேலை ஒண்ணு காட்டுங்க. அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்.”

அங்கே போனால் தரையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றலாமா என்று கேளுங்கள். எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பதே அந்த மேஸ்திரியின் சான்றிதழ். குளியலறையை ஒட்டிய வெளிச்சுவரில் பெயிண்ட் உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். “சொன்ன நாளில் முடித்தாரா, கூப்பிட்டால் வந்து பார்க்கிறாரா?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிடலாம்.

வெளியே போகும் வழி

இந்தப் பகுதிகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தெரு ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்து, பழைய வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது, செப்டிக் டேங்க் நிரம்பி, கழிவுநீர் குளியலறைக்கே திரும்பி வரும் வீடுகள் உண்டு. எவ்வளவு விலை உயர்ந்த டைல்ஸ் ஒட்டினாலும் இது தீராது.

உடைக்கத் தொடங்கும் முன் தெரு மட்டம், செப்டிக் டேங்க் மட்டம், குளியலறைத் தரை மட்டம் மூன்றையும் மேஸ்திரி அளந்து சொல்ல வேண்டும். தரையை உயர்த்துவதென்றால் கதவும் உயர வேண்டும். பெரியவர்களுக்குப் படி ஏறுமா என்பதையும் பார்க்க வேண்டும். தெருவில் பாதாளச் சாக்கடை வந்துவிட்டது என்றால் இணைப்பு வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது. 2011-ல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்த அம்பத்தூர் இப்போது அதன் 7-வது மண்டலம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. எந்த அலுவலகத்தில் விசாரிப்பது என்பது வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய நேர்ந்தால் லாரியை அழைக்க வேண்டும். “ஒரு ஆள இறக்கிடலாம்” என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது. விஷ வாயு நிமிடங்களில் உயிரைக் குடிக்கும். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

உடைத்த ரப்பிஷைத் தெருமுனையிலோ ஏரிக்கரையிலோ கொட்டினால் அபராதம் வரும். எங்கே கொட்டப்போகிறார் என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் 1913-ல் விசாரிக்கலாம்.

சனிக்கிழமைக் கணக்கு

கட்டட வேலையில் சனிக்கிழமை மாலை கூலி நாள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் மேஸ்திரி பணம் கொடுத்தாக வேண்டும். “அம்மா, இந்த வாரம் ஒரு பத்தாயிரம் குடுங்க” என்று அவர் வந்து நிற்பது பேராசை அல்ல. அவர் கையில் அவ்வளவுதான் ஓடும். ஆனால் கேட்கும்போதெல்லாம் கொடுத்துக்கொண்டே போனால், வேலை பாதியில் இருக்கும்போது கூலி முழுதும் தீர்ந்துவிடும். பிறகு அவர் வேறு சைட்டுக்குப் போய்விடுவார். அடியோடு கொடுக்காவிட்டாலும் போய்விடுவார்.

இதற்கு ஒரே வழி, நாளைப் பார்த்துக் கொடுக்காமல் முடிந்த கட்டத்தைப் பார்த்துக் கொடுப்பது. பொருள் வீட்டுக்காரர்களுடையது, கூலி மட்டும் 50,000 ரூபாய் என்று பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காகச் சொல்லும் தொகைதான். வேலையைப் பொறுத்து மாறும். தொடங்கும்போது 5,000. உடைத்து ரப்பிஷ் வெளியேறியதும் 10,000. பைப், வாட்டர் ப்ரூஃபிங் முடிந்து தண்ணீர்ச் சோதனையில் தேறியதும் 15,000. டைல்ஸ் ஒட்டியதும் 12,000. கமோடு, குழாய் மாட்டியதும் 3,000. கடைசி 5,000, குடும்பம் பதினைந்து நாள் குளித்துப் பார்த்த பிறகு. இதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் மேஸ்திரிக்கும் நிம்மதி.

1,50,000-ல் 15 சதவிகிதம், அதாவது 22,500 ரூபாயை முதல் நாளே ஒதுக்கிவிட வேண்டும். பழைய சுவரை உடைக்கும்போது துருப்பிடித்த கம்பி தெரியலாம். கீழே உடைந்த பைப் கிடைக்கலாம். அந்தப் பணம் அதற்கு. “ரெயின் ஷவர் வாங்கலாமே” என்பதற்கு அல்ல. கைக்கு வந்த பட்ஜெட் 1,27,500 என்றே நினைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

பில் இல்லாமல் வாங்கினால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்று கடையில் சொல்வார்கள். டைல்ஸ், கமோடு போன்றவற்றுக்கு வரி 18 சதவிகிதம் என்பதால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பில் இல்லாவிட்டால் வாரண்டியைக் கேட்க முடியாது. பொருளைத் திருப்பவும் முடியாது.

மூடும் முன் மூன்று சோதனை

பைப் போட்டதும் எல்லா முனைகளையும் அடைத்து, பிளம்பரிடம் இருக்கும் பிரஷர் பம்ப்பால் சோதிக்கச் சொல்ல வேண்டும். எந்த இணைப்பிலும் கசிவு தெரியக் கூடாது. பிறகு டேப்பை வைத்து அளவு தெரியும்படி நான்கு சுவர்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை துண்டு மாட்டும் கம்பிக்கு ஓட்டை போடும்போது பைப்பில் துளை விழாமல் காப்பாற்றும் படம் அதுதான்.

அடுத்தது தண்ணீர் கட்டுவது. வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு தரையோடு நிற்காமல் சுவரிலும் ஓரடியாவது ஏறியிருக்க வேண்டும். அது காய்ந்ததும் வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட வேண்டும். 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால், தண்ணீர் கோட்டை விட்டு இறங்கியிருக்கக் கூடாது. ஆவியாகி மயிரிழை குறைவது வேறு. வெளிச்சுவரில் ஈரம் இருக்கக் கூடாது. மாடி வீடு என்றால் கீழ்வீட்டுக் கூரையையும் பார்க்க வேண்டும்.

“ஒரு நாள் வேலை நிக்குமேம்மா” என்று மேஸ்திரி இழுப்பார். “நிக்கட்டும் அண்ணே. இது தேறினாத்தான் பதினஞ்சாயிரம்” என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அந்த ஒரு நாளை முன்பே ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்றாவது, வாட்டம். ஆறடிக்குச் சுமார் ஒரு அங்குலம் இறக்கம் வேண்டும். டைல்ஸ் ஒட்டும்போதே, கலவை இறுகும் முன், ஒரு கோலிக்குண்டை மூலையில் வைத்தால் வடிகாலை நோக்கி உருள வேண்டும்.

பெரியவர்களுக்காக

யாருக்காக இந்த வேலை தொடங்கியதோ அவர்களை டைல்ஸ் கடையில் மறந்துவிடக் கூடாது. தரைக்குப் பளபளப்பு வேண்டாம். சொரசொரப்பான மேட் டைல்ஸ் போதும். நனைத்து, செருப்பில்லாமல் மிதித்துப் பார்த்து வாங்கலாம். கமோடு பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் பிடித்து எழ ஸ்டீல் கைப்பிடி வேண்டும். அதை டைல்ஸின் மேல் ஒட்டினால் போதாது. சுவருக்குள் உறுதியாகப் பதிய வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே திறக்கும் கதவென்றால், விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். உதவிக்கு யாரும் உள்ளே போக முடியாது.

கீசருக்குத் தனி வயர், எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் கட்டாயம். ஈரக்கையோடு ஷாக் அடிக்கும்போது மின்சாரத்தை நிறுத்துவது அந்தச் சின்னப் பெட்டிதான்.

பழைய சிஸ்டர்ன் ஒருமுறை ஃபிளஷ் செய்தால் 10 லிட்டருக்குக் குறையாமல் கொட்டும். இரட்டைப் பொத்தான் உள்ளதில் 3 அல்லது 6 லிட்டர். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

ஒரே குளியலறை உள்ள வீட்டில் இரண்டு வாரம் குடும்பம் எங்கே போகும் என்பதும் பட்ஜெட்டில் ஒரு வரி. பக்கத்து வீட்டில் கேட்டு வைப்பதா, பெரியவர்களை மகள் வீட்டுக்கு அனுப்புவதா என்பதை உடைக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். தீபாவளி, பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதை ஒட்டித் தொடங்கினால் பண்டிகையன்று வீட்டில் குளியலறை இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் பணத்தை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. கையெழுத்துப் போட்ட அந்தத் தாளும், பில்களும், பணம் அனுப்பிய விவரமும் அங்கே சாட்சி.

எல்லாம் ஒழுங்காக நடந்தால், பதினைந்தாம் நாள் மேஸ்திரி கடைசி 5,000 ரூபாய்க்கு வருவார். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். தரையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, எல்லோரும் நின்று பார்க்க வேண்டும். மூலையில் ஒரு துளி நிற்காமல் வடிந்துவிட்டால் பணத்தைக் கையில் கொடுத்து, அவருடைய போன் நம்பரைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லலாம். நல்ல மேஸ்திரிக்கு அடுத்த வேலை அப்படித்தான் வருகிறது.