பெயரே அடையாளம்

நம் கவுதாரியின் அறிவியற் பெயரில் நம் ஊர்ப்பெயர் இருப்பதைப் புதுவையர் பலர் அறியார். பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னெரா 1782இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்த அப்பறவைக்கு, 1789இல் செருமானிய அறிஞர் கிமெலின் 'பொண்டிசேரியானுசு' என்னும் இலத்தீன் அடைமொழியை இட்டார். ஊருக்குப் பெருமைதான். ஆயினும், புதரிலிருந்து எழுவது கவுதாரியா காடையா என அப்பெயர் காட்டுமா? காட்டாது. தொண்டையைச் சூழ்ந்த மெல்லிய கருங்கோடும் வரியோடிய பழுப்புடலுமன்றோ கவுதாரியின் அடையாளம்!

தமிழ்ப் பெயர்கள் பலவும் பறவையையே கண்முன் நிறுத்துவன. ஊசுட்டேரிக் கரையில் நின்று பாருங்கள். கீழ்நோக்கி வளைந்த நீள் அலகா? அரிவாள் மூக்கன். நுனி தட்டையாய் அகன்ற அலகா? கரண்டிவாயன். உடல் நீருள் அமிழ, கழுத்து மட்டும் பாம்பென நெளிகின்றதா? பாம்புத்தாரா. மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரிகின்றதா? நத்தைகுத்தி நாரை.

வெள்ளைக் கொக்கெல்லாம் ஒன்றல்ல. சின்னக் கொக்கின் அலகும் காலும் கறுப்பு. விரல்கள் மட்டும் மஞ்சள். மாட்டின் பின்னே திரியும் உண்ணிக்கொக்கிற்கோ அலகே மஞ்சள். அது மாட்டின் உண்ணியைக் கொத்துவதைக் கண்டவர் வைத்த பெயரன்றோ அது!

2008இல் புதுவை அரசு ஊசுட்டேரியைப் பறவைப் புகலிடமாக அறிவித்தது. பறவைக்குப் புகலிடம் கிடைத்தது. பறவைப் பெயருக்கு எங்கே புகலிடம்? 'இசுபூன்பில்' என்னும் சொல் ஆங்கிலக் குழந்தைக்குக் கரண்டி அலகைக் காட்டும். நம் குழந்தைக்கு அது மனப்பாடம் செய்யும் வெற்றொலி. தாய்மொழிப் பெயரை இழந்த பிள்ளை, பார்க்கும் கண்ணையும் சேர்த்தே இழக்கின்றது.

தனித்தமிழ் அன்பர்களுக்கும் ஒரு சொல். ஆங்கிலப் பெயரை எதிரில் வைத்துக்கொண்டு அறைக்குள் அமர்ந்து புதுப்பெயர் புனையாதீர்கள். பாகூர் உழவரையும் கடற்கரை மீனவரையும் முதலில் கேளுங்கள். வழக்கில் பெயரில்லாத பறவைக்கே புதுப்பெயர் வேண்டும். அதுவும் அதன் அலகையும் காலையும் வாலையும் கண்டு அமையவேண்டும்.

ஏரிக்கரையிலும் பள்ளிதோறும் பறவைப் படத்தோடு தமிழ்ப்பெயரும் உறுப்படையாளமும் எழுதி வைக்கும்படி அரசை வலியுறுத்துவோம். அதற்குமுன் நம் கடமை ஒன்று உண்டு. ஊர் முதியவர் வாயில் வாழும் பெயர்களை இன்றே எழுதிவைப்போம். அவர்களோடு மறைந்த பெயரை எந்த அகரமுதலியும் மீட்டுத் தாராது.