நரம்பின் குற்றமும் மின் கிட்டாரின் இரைச்சலும்

சீவக சிந்தாமணியைப் பயின்றோர் காந்தருவதத்தையார் இலம்பகத்து யாழ்ப்போட்டியை மறந்திரார். தன்முன் வைக்கப்பெற்ற யாழ்களைச் சீவகன் உடனே மீட்டத் தொடங்கவில்லை. ஒன்று நீரில் நின்று அழுகிய மரம், ஒன்று தீயில் வெந்தது, ஒன்று இடி வீழ்ந்தது என்று ஒதுக்குகிறான்; நரம்பின் புரியை நெகிழ்த்து உள்ளே கிடந்த மயிரையும் காட்டுகிறான். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்பின் குற்றங்களை நான்காக வகுத்தது நம் இசைமரபு. ஒலி கெட்டால் காரணத்தைக் கருவிக்குள் தேடவேண்டும் என்பதே அம்மரபு உணர்த்தும் பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊர்க் கல்லூரி விழாவில் இப்பாடம் என் நினைவுக்கு வந்தது. மாணவர் ஒருவர் மின் கிட்டாருடன் மேடையேறினார். அவர் தந்தியைத் தொடுமுன்னரே அரங்கெங்கும் உறுமல். ஒலியளவைக் கூட்டினர், உறுமலும் கூடியது. ஒலியமைப்பாளர் ஒருவர் பிளக்கின் மூன்றாவது முள்ளை, அஃதாவது எர்த் எனப்படும் நில இணைப்பை, நீக்கிவிட்டார். உறுமல் குறைந்தது, அவையோர் கைதட்டினர். என் நெஞ்சோ நடுங்கியது.

இசைக்கருவிகள் குறித்து நம் பெரியோரிடையே பல கருத்துகள் உண்டு. அவ்வாராய்ச்சியுள் யான் புகவில்லை. மின் கிட்டார் நம் மாணாக்கர் கைக்கு வந்துவிட்டது. அதனை இடரின்றிக் கையாள அறிவுறுத்துவது ஆசிரியர் கடன் என்பதே என் கருத்து.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது? மின் கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே பிக்கப் என்னும் உறுப்பு உள்ளது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிர்ந்தால் அச்சுருளில் நுண்ணிய மின்னோட்டம் தோன்றும். ஆம்ப்ளிபயர் அதனைப் பெருக்கும். அச்சுருளுக்குத் தந்தியின் அதிர்வென்றும் அயலார் அதிர்வென்றும் வேற்றுமை தெரியாது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அருகிலுள்ள மின்மாற்றி, குழல்விளக்கின் சோக், மின்விசிறியின் ரெகுலேட்டர் ஆகியவற்றின் அலைவையும் அது வாங்கிக்கொள்ளும். அதுவே உறுமல்.

இதற்கு 1955-இல் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் ஒரு வழி கண்டார். எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களை, காந்த முனைகளையும் மாற்றி வைத்து இணைத்தார். வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் எதிரெதிராக எழுந்து ஒன்றையொன்று அழிக்க, தந்தியின் ஒலி மட்டும் ஒன்றுகூடி வலுப்பெற்றது. ஹம்பக்கர் என்பது அதன் பெயர்.

கரகரப்போ வேறு வகை. திருகைச் சுழற்றும்போது எழுந்தால் திருகினுள் தூசு சேர்ந்துள்ளது. கம்பியை அசைக்கும்போது எழுந்தால் இணைப்பு தளர்ந்தோ களிம்பேறியோ உள்ளது. உலோக அரிமானத்தின் சிறிய வடிவமே இக்களிம்பு. அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் நம் கோவிலூருக்கு அண்மையிலுள்ள காரைக்குடியிலேயே இயங்கிவருவதை மாணாக்கர் எண்ணிப்பார்க்க வேண்டும். இலக்கியமும் அறிவியலும் அயலவர் அல்லர்.

தூய்மையான ஒலியின் பயனை அறிய உ. ஸ்ரீநிவாஸைக் (1969-2014) கேட்டல் வேண்டும். மின் மேன்டலினில் நான்கு இரட்டைத் தந்திகளுக்கு மாற்றாக ஐந்து ஒற்றைத் தந்திகளைப் பூட்டிக் கருநாடக இசையை வாசித்தவர் அவர். கமகத்தின் இறுதியில் ஒலி தேய்ந்து அடங்கும் இடமே அவ்விசையின் உயிர். இரைச்சல் முதலில் விழுங்குவதும் அவ்விடத்தையே.

ஆயினும் தூய்மைக்காக உயிரைப் பணயம் வைத்தல் தகாது. 1972-இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சீ நகர மேடையில், கிட்டார்க் கலைஞர் லெஸ் ஹார்வி நில இணைப்புச் சரியாக அமையாத ஒலிவாங்கியைத் தொட்டு, மின்தாக்கி உயிரிழந்தார். அப்போது அவர்க்கு அகவை 27. கிட்டாரின் தந்திகள் ஆம்ப்ளிபயரின் உலோகக் கூட்டோடு இணைந்தவை. நில இணைப்பை நீக்கிய கருவியுள் மின்கசிவு நேரின், அது கூட்டின் வழியே தந்திக்கும், தந்தியின் வழியே வாசிப்பவர் விரலுக்கும் வந்து சேரும். 230 வோல்ட் மின்சாரம் கலைஞரென்று இரங்காது.

எனவே உறுமல் எழுந்தால், எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையிலிருந்து இணையுங்கள். வெவ்வேறிடத்து நில இணைப்புகள் வளையமாகி உறுமலை வளர்ப்பதுண்டு. சோக்கும் ரெகுலேட்டரும் உள்ள இடத்தைவிட்டு விலகி நில்லுங்கள். கிட்டாரைச் சற்றே திருப்பிப் பாருங்கள். கம்பியை மாற்றிப் பாருங்கள். இவற்றாலும் தீராவிடில் உறுமலோடே வாசியுங்கள். மூன்றாவது முள்ளில் மட்டும் கைவைக்காதீர்கள்.

கல்லூரி நிருவாகத்தார்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். கிட்டார் இல்லாத இடத்தும் ஒலிவாங்கி உண்டு. பள்ளிவாசலிலும் மணவிழாப் பந்தலிலும் மீலாது மேடையிலும் நம் பிள்ளைகளே அதனைப் பிடித்து நிற்கின்றனர். விழாவுக்குமுன் மேடையின் நில இணைப்பைத் தகுதியுள்ள மின்பணியாளரைக்கொண்டு சோதிப்பதும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவதும் பந்தல் அலங்காரத்தினும் முந்திய செலவாகட்டும்.

சீவகன் குற்றமுள்ள யாழை ஒதுக்கி நல்ல யாழ் வரும்வரை பொறுத்திருந்தான். அப்பொறுமை நம் மேடைகளுக்கும் வேண்டும்.